முப்படை வீரர்களின் நட்பும் போட்டியும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு வழக்கம் நன்றாகத் தெரியும். பால்மரம் வெட்டுகிறவர், ஆலையில் வேலை செய்கிறவரைப் பார்த்து, "உனக்கென்னப்பா, கூரைக்குக் கீழே வேலை, மழையும் இல்லை, கொசுவும் இல்லை" என்பார். ஆலைக்காரர் சும்மா இருப்பாரா? "பாலை ஊற்றிவிட்டு நீ வீட்டுக்குப் போய்விடுவாய், திராவக நெடியிலும் புகைக்கொட்டகைச் சூட்டிலும் நிற்கிறவன் நானல்லவா?" என்பார். வெளிக்காட்டு வேலைக்காரரோ, இருவரையும் பார்த்து, "வெயிலில் புல் வெட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்" என்று முடித்துவிடுவார். இந்தப் பேச்சில் பகை இல்லை. ஒருவர் வேலை நின்றால் மற்றவர் வேலையும் நின்றுவிடும் என்பது மூவருக்கும் தெரியும். தெரிந்தே பேசுகிற பேச்சு அது.

சீருடை அணிந்து நாட்டைக் காத்தவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகிய மூன்றிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஓரிடத்தில் கூடினால், "எந்தப் படையின் வாழ்க்கை கடினமானது? எது சுகமானது? யார் மூத்தவர்?" என்ற பேச்சு தானாக எழும். அதை வெறும் வாய்ச்சண்டை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அந்தக் கேலிப் பேச்சுக்குள் நம் நாட்டு வரலாறு இருக்கிறது. தோட்ட மக்களாகிய நம் வரலாறும் அதில் கலந்திருக்கிறது. இன்றைய உரையில் அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

யார் மூத்தவர் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

பிரிட்டனில் கடற்படையே மூத்த படை. அணிவகுப்பில் முதலிடம் அதற்குத்தான். நம் நாட்டில் அப்படியில்லை. 1933ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், போர்ட் டிக்சனில் 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் படையணி தொடங்கப்பட்டது. உள்நாட்டு இளைஞர்கள் போர்ப் பயிற்சிக்குத் தாக்குப்பிடிப்பார்களா என்று பார்க்க, ஒரு சோதனை முயற்சியாகவே ஆங்கிலேயர் அதைத் தொடங்கினர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் பாசிர் பஞ்சாங் குன்றுகளில் அந்தப் படையணி ஜப்பானியரை எதிர்த்து நின்றது. லெப்டினன்ட் அட்னான் சைடியும் அவருடைய வீரர்களும் கடைசிவரை போராடி மடிந்தனர். சோதனைக்கு விடை அங்கே கிடைத்துவிட்டது. தரைப்படை தன் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுவது அந்த மார்ச் முதல் நாளைத்தான்.

கடற்படையின் பிறந்த நாள் 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 27. அன்று சிங்கப்பூரில் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் கடற்படை அமைக்கப்பட்டது. ஆக, அண்ணனுக்கும் தம்பிக்கும் ஓராண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளிதான். "ஒரு வருஷம் முந்திப் பிறந்துவிட்டு எத்தனை வருஷம்தான் மூப்புப் பேசுவீர்கள்?" என்று கடற்படைக்காரர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆகாயப்படைதான் வீட்டின் கடைக்குட்டி. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1958ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் அது பிறந்தது. அதன் முதல் விமானம் 'டுவின் பயனியர்' என்ற சிறிய விமானம். பெரிய ஓடுபாதை அதற்கு வேண்டியதில்லை. காட்டுக்கு நடுவே வெட்டிய சிறு திடலிலும் இறங்கி ஏறும். துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டினார். கடைக்குட்டிக்கு எந்த வீட்டிலும் செல்லம் அதிகம் அல்லவா? "புதிய சாமான் எல்லாம் உங்களுக்குத்தான் வரும்" என்று மற்ற இரு படையினரும் ஆகாயப்படையினரைச் சீண்டுவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, கேலிக்குக் கிடைக்கும் பொருள்களைப் பார்ப்போம். முதலாவது, பெயர்.

கடற்படையினர் தரையில் உள்ள தங்கள் பயிற்சி நிலையத்துக்கும் கப்பலுக்கு வைப்பது போலவே பெயர் வைப்பார்கள். 'கே.டி. பெலாண்டோக்' என்பது கடற்படைப் பயிற்சி நிலையம். கே.டி. என்றால் 'காப்பால் டிராஜா', அதாவது அரச கப்பல். ஆனால் அது மிதக்காது, நகராது. செங்கல்லும் சிமெண்டுமாக நிற்கும். "உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போனதாகத் தெரியவில்லையே!" என்று தரைப்படைக்காரர் கேட்பார். "உங்கள் பாசறைபோல மழைக்கு ஒழுகவும் இல்லையே!" என்று பதில் வரும். தரையில் இருந்தாலும் கப்பலின் ஒழுங்கு மாறக்கூடாது என்பதே அந்தப் பெயரின் பொருள். கடலுக்குப் போகிற நாளில் புதிதாகப் பழக வேண்டியிராது.

இரண்டாவது, பதவி. தரைப்படையில் 'கப்டன்' என்றால் தோளில் மூன்று நட்சத்திரம் உடைய இளம் அதிகாரி. கடற்படையில் 'கப்டன்' என்றால் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். இரண்டுக்கும் இடையே மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று இரண்டு படிகள் உள்ளன. தொலைபேசியில் "கப்டன் பேசுகிறேன்" என்று சொன்னால், எந்தக் கப்டன் என்று தெரியாமல் எதிர்முனையில் இருப்பவர் திகைக்க வேண்டியதுதான். கீழ்ப்பதவிகளிலும் இப்படியே. தரைப்படையில் 'சார்ஜன்' எனப்படுபவர் கடற்படையில் 'பிந்தாரா மூடா'. ஒரே தகுதி, ஒரே பொறுப்பு. பெயர் மட்டும் வேறு.

மூன்றாவது, வணக்கம் செலுத்தும் முறை. பிரிட்டிஷ் மரபில் தரைப்படையினரும் ஆகாயப்படையினரும் உள்ளங்கை முன்னே தெரியும்படி வணக்கம் செலுத்துவார்கள். கடற்படையினர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மறைத்துக்கொள்வார்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் கயிற்றிலும் தாரிலும் வேலை செய்து கறைபட்ட கையை அதிகாரிக்குக் காட்டலாகாது என்பதால் அந்த வழக்கம் வந்தது என்று சொல்வார்கள். "அழுக்குக் கை உங்களுடையது" என்று தரைப்படைக்காரர் சிரிப்பார். "உழைத்த கை என்று சொல்" என்பார் மற்றவர். உழைத்துக் கறைபட்ட கையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் கறை படிந்த கைகள் நம்முடையவை.

நேயர்களே, பெயரையும் பதவியையும் விட்டுவிட்டு, சோறு, தூக்கம், உடை என்ற மூன்றைப் பேசத் தொடங்கும்போதுதான் முன்னாள் வீரர்களின் பேச்சு சூடு பிடிக்கும்.

தரைப்படைக்காரர் காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் வெளியே வரமாட்டார். முதுகில் உணவு, துப்பாக்கிக் குண்டு, போர்வை எல்லாம் சேர்ந்த சுமை. இரவில் மழைத்துணியை இரண்டு மரங்களுக்கு இடையே கட்டி, அதன் கீழே படுக்கை. அதை 'பாஷா' என்பார்கள். உலர்ந்த உடை ஒரு சோடிதான் இருக்கும். அது தூங்குவதற்கு மட்டும். விடிந்ததும் அதைக் கழற்றிப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, நேற்றைய ஈர உடையையே மீண்டும் உடுத்திக்கொள்ள வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு ஈரச் சட்டையில் கையை நுழைக்கும் அந்த நேரத்தைக் காட்டுப்போர் கண்ட எவரும் மறக்கமாட்டார். அட்டைக்கடியைப் பற்றி வெட்டுக்காட்டு மக்களுக்கு நாம் விளக்கவா வேண்டும்?

கடற்படைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்காவது படுத்த இடம் ஆடாது" என்பார். கப்பலில் இடம் மிகக் குறைவு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள். ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். ஆகவே இரவு முழுதும் தூங்கினோம் என்று சொல்ல முடியாது. எந்திர அறையின் வெப்பம் ஒருபுறம். நல்ல தண்ணீரை அளந்து செலவிட வேண்டிய நிலை மறுபுறம். சுற்றிலும் தண்ணீர், குடிக்கவோ குளிக்கவோ கணக்கு! கடல் கொந்தளித்தால், சூடான சாப்பாடு இருந்தும் வயிறு ஏற்காது.

ஆகாயப்படைக்காரரைப் பார்த்து மற்ற இருவரும் ஒன்றுசேர்ந்துகொள்வார்கள். "உனக்கு மின்விசிறி, மெத்தை, மேசையில் சாப்பாடு. மாலையானால் பட்டணம்" என்பார்கள். அவரும் அதை மறுப்பதில்லை. ஆனால் அவரிடமும் ஒரு கதை உண்டு. ஆகாயப்படையில் எல்லாரும் விமானம் ஓட்டுவதில்லை. விமானி ஒருவர் பறக்க, தரையில் பலர் உழைக்க வேண்டும். கொதிக்கும் தளத்தில் நின்று எந்திரத்தைப் பழுது பார்த்து, பதிவேட்டில் பொறிவல்லுநர் கையெழுத்திட்ட பிறகே விமானம் மேலே எழும்பும். பறப்பவர்களின் உயிருக்கு அந்தக் கையெழுத்தே பிணை. விமானம் திரும்பி வரும் சத்தம் காதில் விழும்வரை கையெழுத்துப் போட்டவருக்கு மனம் அமைதி கொள்ளாது. மெத்தை இருந்தும் தூக்கம் வராத இரவுகள் அவருக்கும் உண்டு.

அக்கரை மாட்டுக்கு இக்கரைப் பச்சை என்பது நம் பழமொழி. ஆனால் முன்னாள் வீரர்களின் பேச்சை முழுதும் கேட்டால், அந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். மற்றவனுடைய சுகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதுபோல் தொடங்குவார்கள். முடிக்கும்போது, "ஆனாலும் அவன் வேலை என்னால் ஆகாது" என்றுதான் முடிப்பார்கள். காட்டில் கண்ணிவெடிக்கு அஞ்சாமல் நடந்தவர், கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது என்று எண்ணி நடுங்குவார். கடலில் புயலைக் கண்டவர், மேகம் மூடிய மலைமுகட்டுக்குள் ஹெலிகாப்டரைச் செலுத்துவதை நினைத்துத் தலையை ஆட்டுவார். வானில் பறந்தவர், பத்தடிக்கு அப்பால் கண் தெரியாத காட்டில் மறைந்திருக்கும் எதிரியைத் தேடி நடப்பதை எண்ணிப் பெருமூச்சு விடுவார். அச்சம் ஒன்றுதான், அது ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் உருவத்தில் வருகிறது.

இந்த மரியாதை எப்படி வளர்ந்தது என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. அந்தப் போர் தொடங்கியதே தோட்டத்தில்தான். நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் அதன் நடுவே வாழ்ந்தார்கள். சிதறிக் கிடந்த லயன்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது வாயிலில் சோதனை. கையில் சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசியும் போகக்கூடாது என்பது அரசாங்கத்தின் திட்டம். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய அந்தத் தலைமுறை, பட்டாளத்தையும் காட்டுக்காரர்களையும் ஒருசேர அஞ்சியே வாழ்ந்தது. காட்டுக்குள் போனவர்களிலும் நம் இளைஞர் சிலர் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் காட்டுப் போரில் தரைப்படை தனியாக நின்றிருக்க முடியுமா? முடியாது. உள்காட்டில் வாரக்கணக்கில் தங்கிய வீரர்களுக்கு உணவு வானிலிருந்து வந்தது. டகோட்டா, வலெட்டா விமானங்கள் தாழப் பறந்து குடைகளில் மூட்டைகளைப் போட்டன. கீழே வீரர்கள் மரங்களை வெட்டிச் சிறு திடல் அமைத்து, புகை காட்டிக் காத்திருப்பார்கள். மூட்டை தவறிப்போய் உயரமான மரத்தின் உச்சியில் சிக்கிக்கொண்டால் அன்றைய சோறு அங்கேயே தொங்கும். அப்போது விமானிக்குக் கிடைக்கும் அர்ச்சனையை நாம் இங்கே சொல்லாமல் விடுவதே நல்லது. ஆனால் அந்த விமானியோ, மலைகளுக்கு இடையே மேகத்தில் நுழைந்து, ஒரு கைக்குட்டை அளவு திடலைத் தேடி வந்தவர். அப்படிப் பறந்த விமானங்களில் சில திரும்பி வரவில்லை.

காயம் பட்டவரின் நிலை இன்னும் கடினம். காட்டில் அடிபட்ட ஒருவரைத் தூளி கட்டித் தூக்கி வர நாள்கணக்கில் ஆகும். சுமப்பவர்களே தளர்ந்து விழுவார்கள். 1950இல் ஆகாயப்படையின் சிறிய ஹெலிகாப்டர்கள் சில இந்த வேலைக்கு வந்தன. 1953ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது ஒரு புதுமை: பிரிட்டிஷ் கடற்படையின் 848ஆம் விமான அணி, பத்து ஹெலிகாப்டர்களோடு மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. கடலே கண்ணுக்குத் தெரியாத காட்டின்மேல் கடற்படைக்காரர்கள் பறந்தார்கள்! தரைப்படை வீரர்களை ஏற்றிச் சென்று காட்டு நடுவே இறக்கினார்கள்; காயம் பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். நாள்கணக்கில் நடக்க வேண்டிய தூரம் நிமிடக்கணக்கில் முடிந்தது. "மாலுமிக்குக் காட்டில் என்ன வேலை?" என்று கேட்ட வாய், தன் நண்பன் மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டான் என்ற செய்தி வந்ததும் வேறு விதமாகப் பேசியிருக்கும் அல்லவா?

விடுதலைக்குப் பின் நம் சொந்தப் படைகளும் அதே பாடத்தைக் கற்றன. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவோடு ஏற்பட்ட மோதலை நேயர்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1964 ஆகஸ்டு 17ஆம் நாள், ஜொகூரின் பொந்தியான் கரையில் கடல்வழியாக ஆட்கள் வந்திறங்கினார்கள். செப்டம்பர் 2ஆம் நாள் இரவு, லாபிஸ் அருகே வான்குடையில் குதித்தார்கள். லாபிஸ் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம் என்பதை நாம் அறிவோம். ஒரே மாதத்துக்குள் ஒருமுறை கடலிலிருந்து, ஒருமுறை வானிலிருந்து! தேடிப் பிடித்தவர்கள் தரையில் நடந்தவர்கள். ஆனால் கடலில் இரவெல்லாம் விழித்துச் சுற்றிய படகுகள் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் கரையேறியிருப்பார்கள்? ஒரு படை மட்டும் விழித்திருந்து நாட்டைக் காக்க முடியாது என்பதை அந்த மாதங்கள் தெளிவாகக் காட்டின.

பிறகு 1968இலிருந்து மீண்டும் எல்லைக் காடுகளில் போராட்டம் மூண்டது. அந்த ஆண்டு முதல் நம் ஆகாயப்படையில் சேவையாற்றியது 'நூரி' ஹெலிகாப்டர். நூரி என்பது ஒரு கிளியின் பெயர். ரேஷன், கடிதம், காயம் பட்டவர், இறந்தவர் என்று அனைத்தையும் அது சுமந்தது. எதிரி மறைத்து வைத்த பொறிவெடியில் காலை இழந்த வீரர் பலர். அவர்களுக்கெல்லாம் அந்த எந்திரத்தின் 'தடதட' ஓசையே உயிரின் ஓசை. நூரி விபத்துகளில் ஆகாயப்படையினரும் அவர்களோடு பயணம் செய்த வீரர்களும் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த பின், 2020இல் அதற்கு ஓய்வு தரப்பட்டது. 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹட்யாயில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானதோடு காட்டுப் போர் முடிவுக்கு வந்தது.

இந்தப் படைகளில் நம்மவர் பங்கு என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மலாய்ப் படையணி மலாய்க்காரர்களுக்கென அமைந்தது. ஆனால் 1952இல் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய கூட்டரசுப் படையணி தொடங்கப்பட்டது. பொறியாளர் படை, தொலைத்தொடர்புப் படை, போக்குவரத்து, மருத்துவம் போன்ற பிரிவுகளிலும், கடற்படையிலும், ஆகாயப்படையிலும் இந்தியர்கள் சேர்ந்து பணியாற்றினார்கள்.

கடற்படையில் ஒரு பெருமையும் நமக்கு உண்டு. 1967 டிசம்பரில், கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம் என்ற தமிழர். அப்போது அவருக்கு வயது 31! அதற்குமுன் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கடற்படைகளிலிருந்து வந்த அதிகாரிகள். ரியர் அட்மிரலாக உயர்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் அந்தப் படையை நடத்தினார். எனவே, தமிழ் வீட்டில் பிறந்த ஒரு கடற்படைக்காரர் தம் படையைப் பற்றிச் சற்று அதிகமாகவே பெருமை பேசினால் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போட்டி விளையாட்டுத் திடலிலும் உண்டு. படைகளுக்கு இடையே காற்பந்து, ஹாக்கி ஆட்டங்கள் நடக்கும். அங்கே கடற்படைக்காரர் கோல் போட்டால் தரைப்படைக்காரர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் ஆயுதப்படையின் குழு என்று ஒன்று வெளியே ஆடப் போனால், மூன்று படையினரும் ஒரே சட்டையை அணிவார்கள். நேற்று காலை இடறிவிட்டவனுக்கே இன்று பந்தைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் சண்டை, வாசலில் ஒற்றுமை. இதுதான் நல்ல குடும்பத்தின் அடையாளம்.

நேயர்களே, மூன்று படையினரையும் வேறுபாடு இல்லாமல் ஒன்றாக்கும் இன்னொன்றும் உண்டு. அது ஓய்வுக்குப் பிந்திய வாழ்க்கை.

சாதாரணப் பதவிகளில் சேர்ந்தவர் 21 ஆண்டுகள் பணி செய்தால்தான் மாத ஓய்வூதியம் பெறுவார் என்பது விதி. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பணி செய்து, குடும்பச் சூழ்நிலையால் விலகியவர்களுக்கு அந்த வருமானம் இல்லை. அவர்களில் பலர் தம் இளமையின் சிறந்த ஆண்டுகளைக் காட்டிலும் கடலிலும் கழித்தவர்கள். திரும்பி வந்து காவலாளிகளாகவும் ஓட்டுநர்களாகவும் வேலை தேடிக்கொண்டார்கள். அவர் அணிந்தது பச்சைச் சீருடையா, வெள்ளையா, நீலமா என்று முதுமை கேட்பதில்லை. முட்டிவலி மூவருக்கும் ஒன்றே. 2012ஆம் ஆண்டு முன்னாள் வீரர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவர்கள் நலனைக் கவனிக்க அரசாங்கத்தில் தனித் துறையும் உண்டு. ஆனால் உதவி இருப்பது தெரியாமலும், பாரம் நிரப்பத் தெரியாமலும் இருக்கும் முதியவர்கள் நம் குடியிருப்புகளில் இருக்கக்கூடும். படித்த பிள்ளைகள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுத்தால், அது பெரிய உதவி.

இங்கே பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை படையில் சேர விரும்பினால், "எந்தப் படை சுகம்?" என்று விசாரிக்காதீர்கள். சுகமான படை என்று ஒன்று இல்லை என்பதை இதுவரை பார்த்தோம். "என் பிள்ளைக்கு எது இயல்பு? ஈரத்தையும் சேற்றையும் தாங்குவானா? நெருக்கமான இடத்தில் பிறரோடு ஒத்துப்போவானா? எந்திரத்தில் பொறுமையும் கவனமும் உண்டா? எத்தனை ஆண்டு பணி செய்தால் என்ன கிடைக்கும்?" என்று விசாரியுங்கள். முடிந்தால் மூன்று படையிலும் இருந்தவர்களைக் கேளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் தம் படையைத்தான் உயர்த்திச் சொல்வார். மூவரும் கூடினால் உண்மை தானாக வெளிவரும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். ஆசிரியத் தொழிலில் உள்ள நாங்கள் வேலை தராமல் விட்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்! உங்கள் உறவிலோ பக்கத்து வீட்டிலோ படையில் இருந்தவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடம், "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பலருக்கு வேதனை தரும். "உங்கள் பையில் என்னென்ன இருந்தன? முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? மற்ற படையினரை என்ன சொல்லிக் கேலி செய்வீர்கள்? அவர்கள் உங்களுக்கு எப்போது உதவினார்கள்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வையுங்கள். பெரிய புத்தகங்களில் தளபதிகளின் பெயர்கள் இருக்கும். ஈரச் சட்டையில் கை நுழைத்தவரின் கதை, அவரைக் கேட்டு எழுதினால்தான் நிற்கும். அவசரகாலத்தைக் கண்ட தலைமுறை விரைந்து குறைந்துவருகிறது. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31ஆம் நாள் வீரர் நாளாகப் போற்றப்படுகிறது. அவசரகாலம் முடிந்த அதே நாள் அது. கோலாலம்பூரில் 1966இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று இறந்தவர்களை வணங்குகிறோம். உயிரோடு திரும்பி வந்து, நம்மிடையே அமைதியாக வாழ்கிறவர்களையும் நாம் நினைக்க வேண்டும். அவர்கள் மூவர் கூடி, யார் மூத்தவர், யார் பட்ட பாடு பெரிது என்று உரக்க வாதாடும்போது, "இந்தக் கிழவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். ஒருவர் மற்றவருக்குப் பட்ட கடனை, நன்றி என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு, கேலியாகத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.